பால் காய்ச்சும் முன்பா, பின்பா?

மீன் தொட்டி: வாசகர் கேள்விகளுக்குக் கொளத்தூர் தொட்டிக்காரர் பதில்கள்

வைகாசி பிறந்துவிட்டால் வடசென்னையில் குட்டியானை வண்டிகளுக்கு ஓய்வு கிடையாது. ஆனியிலும் ஆடியிலும் பெரும்பாலும் யாரும் வீடு மாறமாட்டார்கள், அதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும். பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் ஏறிய பிறகுதான் யாராவது கூடத்து மூலையைப் பார்த்து, "ஐயோ, இதை என்ன செய்வது?" என்று கேட்பார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த மூலையைப் பற்றியவை. வெள்ளைப்புள்ளி நோய் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, பெரம்பூரில் வாடகைக்கு இருக்கிறோம். திருவொற்றியூரில் மூன்றாவது மாடியில் சொந்த வீடு வாங்கியிருக்கிறோம். எங்களிடம் மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. ஆறு ஏஞ்சல், நான்கு மோலி. பால் காய்ச்சும் முன் எந்தச் சாமானும் உள்ளே போகக் கூடாது என்கிறார் மாமியார். மீன் தொட்டிதான் முதலில் போக வேண்டும் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? பழைய தண்ணீர் முழுவதையும் கேன்களில் எடுத்துப் போக வேண்டுமா?
– வாசகி, பெரம்பூர்

மாமியார் சொல்வது முழுச் சரி, அம்மா. கணவர் சொல்வது பாதி சரி. பால் காய்ச்சுவது ஒரு நாள், சாமான் ஏற்றுவது வேறொரு நாள் என்றுதானே வைத்திருப்பீர்கள்? விடியற்காலையில் பால் பொங்கட்டும். அதே நாளில் தொட்டி வைக்கும் ஸ்டாண்டை மட்டும் கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்திவிட்டு வாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் கடன் வாங்கி, நாலு பக்கமும் மட்டம் சரியா என்று பாருங்கள். சாமான் ஏற்றுவதற்கு முந்தைய நாள் ஒரு பெரிய டிரம்மில் புது வீட்டுத் தண்ணீரைப் பிடித்து, குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் மருந்தைப் பாட்டிலில் சொல்லியிருக்கும் அளவுக்கு ஊற்றி, ஏர் பம்ப் போட்டு ஓடவிடுங்கள். மறுநாள் பழைய வீட்டைவிட்டுக் கடைசியாக இறங்குவதும் புது வீட்டில் முதலாவதாக ஏறுவதும் மீனாக இருக்க வேண்டும்.

இனி அந்தப் பழைய தண்ணீர். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். காசியிலிருந்து கங்கை நீரைக் கொண்டுவருவது போலக் கேன் கேனாக நிரப்பிக்கொண்டு போகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நீள, அகல, உயரத்தை அடியில் பெருக்கி, அதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். உங்கள் தொட்டி 127 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 127 கிலோவை மூன்று மாடி ஏற்றி என்ன பயன்? மீன் பயணம் செய்ய வாளிகளில் நிரப்பும் தண்ணீர், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, அது போதும்.

அந்த 127 லிட்டரைவிட மேலான ஒன்று உங்கள் ஃபில்டருக்குள் இருக்கிறது. அழுக்குப் பஞ்சு. பாலைத் தயிராக்க என்ன செய்கிறீர்கள்? பழைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றுகிறீர்கள். தொட்டிக்கு உறைமோர் இந்தப் பஞ்சுதான். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிர் ஒரு கூட்டம், நைட்ரைட்டைத் தின்று அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றுவது இன்னொரு கூட்டம். இரண்டும் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பவை அல்ல. பஞ்சிலும் கல்லிலும் வழுவழுப்பான பழுப்புப் படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்பவை. புதுத் தொட்டியில் அந்தப் படலம் தானாக உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பழைய பஞ்சை உயிரோடு கொண்டுபோனால் அந்தக் காத்திருப்பு இல்லை.

உயிரோடு என்றால் இரண்டு நிபந்தனை. காயக் கூடாது, குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. பழைய தொட்டித் தண்ணீர் நிரப்பிய சின்ன வாளியில் பஞ்சைப் போட்டு, மூடாமல் எடுத்துப் போங்கள். அதற்கும் மூச்சு வேண்டும். பாலிதீன் பையில் கட்டி வெயிலில் வைத்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். வந்துவிட்டால் அது உறைமோர் இல்லை.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் சென்ட்ரல் பக்கம் இருந்த மூர் மார்க்கெட்டில் என் மாமாவின் மீன் கடையில் எடுபிடியாக இருந்தவன். 1985-இல் அந்தக் கட்டடம் தீயில் போன பிறகு கடைகள் அல்லிக்குளத்துக்கு மாறின. மாமாவும் மாறினார். புது இடத்தில் தொட்டி வைத்த அன்று, தெரிந்தவர் வீட்டிலிருந்து வாங்கி வந்த பழைய கல்லை ஒரு பிடி எடுத்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, ஒவ்வொரு தொட்டியிலும் போட்டார். ஏதோ குலதெய்வ வழக்கம் என்று நினைத்து நான் சிரித்தேன். பதிமூன்று வருடம் கழித்து ஓட்டேரியிலிருந்து கொளத்தூருக்கு வீடு மாறினேன். புது வீட்டுக்கு எதற்கு அழுக்கு என்று தெருக்குழாயில் பஞ்சைப் பிழிந்து பிழிந்து, வெள்ளை வெளேர் என்று ஆகும்வரை கழுவினேன். மூன்றாம் நாள் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாம் நாள் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. நானே குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்த பதினான்கு ஏஞ்சல்களில் மூன்று மிஞ்சின. மாமா வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி, சாமான் ஏற்றும் நாளின் வேலைகளைச் சொல்கிறேன். முந்தைய நாள் முழுக்க இரை போடாதீர்கள். வயிறு காலியாக இருந்தால் வாளித் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஒரு நாள் பட்டினியில் எந்த மீனும் சாகாது, இரக்கப்பட்டுப் போடும் ஒரு சிட்டிகை இரைதான் வம்பு. காலை ஐந்து மணிக்கு ஆரம்பியுங்கள். வெயில் ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிடிக்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். முதலில் வாளிகளில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். சோப்பு படாத வாளி. பிறகு செடி, பொம்மை, பெரிய கல்லை எடுத்துவிட்டு, குழாய் வைத்துத் தண்ணீரை நாலு அங்குலம் வரை இறக்குங்கள். மீனைப் பிடிப்பது அதன் பிறகுதான். நிறைந்த தொட்டிக்குள் வலையோடு துரத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். ஏஞ்சலின் நீண்ட துடுப்பு வலையில் சிக்கிக் கிழியும். அதற்குப் பிளாஸ்டிக் குவளைதான் சரி. வாளியைப் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். மேலே காற்று வேண்டும், தளும்பவும் கூடாது. மூடியில் நாலு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

தொட்டியைக் கல்லோடும் தண்ணீரோடும் தூக்காதீர்கள். காலியாகவே 8 மில்லிமீட்டர் கண்ணாடித் தொட்டி ஏறக்குறைய 28 கிலோ வரும். மேல் விளிம்பைப் பிடிக்காமல் அடியில் கை கொடுத்து, இரண்டு பேர். வண்டியில் மெத்தைக்கு மேல் வையுங்கள். அந்தக் காலத்தில் நாங்கள் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில்தான் தொட்டி கொண்டுபோவோம். பெயரில் மட்டும்தான் மீன் இருக்கிறது, அந்த வண்டி போடும் குலுக்கலில் சிலிகான் ஒட்டு விட்டுப்போகும். மீன் வாளிகளைச் சாமான் வண்டியில் ஏற்றாமல், ஆட்டோவில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு கணவர் வரட்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கையில் இருந்தால் கவலை இல்லை.

உங்கள் விஷயத்தில் நான் பயப்படுவது பயணத்தைப் பற்றி அல்ல, திருவொற்றியூர்த் தண்ணீரைப் பற்றி. அங்கே ஒரே கட்டடத்தில் இரண்டு தண்ணீர் இருக்கும். குடிநீர் வாரியத்தின் மெட்ரோ குழாயில் வருவது ஒன்று. கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்க 2010-இல் காட்டுப்பள்ளியில் தொடங்கிய ஆலை வடசென்னைக்கு நீர் தரத்தான் அமைந்தது. இன்னொன்று போர் தண்ணீர். கடலோரத்து போர், நாக்கில் வைத்தாலே தெரியும். மோலிக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை, கழிமுகத்தில்கூட வாழும் சாதி அது. ஏஞ்சல் அமேசான் ஆற்று மீன், மென்னீரில் வாழ்ந்தது. போர் தண்ணீரில் திடீரென்று விட்டால் தாங்காது. மாடித் தொட்டிக்கு எது ஏறுகிறது என்று இன்றைக்கே காவலாளியிடம் கேளுங்கள். ஒரு பாட்டிலில் பிடித்து, குடிநீர் ஃபில்டர் பழுது பார்க்க வரும் பையனிடம் கொடுத்தால் பேனா போன்ற மீட்டரை முக்கி, தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். எண்ணைச் சொல்லிவிடுவான். பெரம்பூர்த் தண்ணீரின் எண்ணைவிட இரண்டு, மூன்று மடங்கு காட்டினால், சமையலறைக் குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரைச் சேர்த்துவைத்துத் தொட்டியை நிரப்புங்கள்.

புது வீட்டில் ஸ்டாண்டின்மேல் அரை அங்குல தெர்மோகோல் போட்டு, அதன்மேல் தொட்டியை வைத்து, கல், பழைய தண்ணீர், டிரம் தண்ணீர் என்ற வரிசையில் நிரப்பி, பஞ்சை உடனே மாட்டி ஓடவிடுங்கள். மீன் வாளிக்குள் கால் மணிக்கு ஒரு தடவை ஒரு குவளை புதுத் தண்ணீர், ஒரு மணி நேரம். பிறகு மீனை மட்டும் எடுத்து விடுங்கள். அன்றைக்கு விளக்கு வேண்டாம், இரை வேண்டாம். ஒரு வாரம் பாதி இரை. அம்மோனியா பார்க்கும் சோதனைக் குப்பி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பூஜ்யத்தைத் தவிர வேறு எது காட்டினாலும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

மூன்றாவது மாடி எடை தாங்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாமியார் கேட்பார். ஸ்டாண்டோடு சேர்த்து 200 கிலோவுக்குள்தான், மூன்று பேர் நெருக்கமாக நிற்பது போல. சுவரோரம் இருந்தால் போதும். பால்கனி மட்டும் வேண்டாம்.

புது வீட்டில் மீன் தொட்டியை எந்தத் திசையில் வைப்பது? வடகிழக்கா, தென்கிழக்கா?
– வாசகர், மாதவரம்

வெயில் படாத திசை. பிளக் பாயின்ட் இருக்கும் திசை. இரண்டும் வடகிழக்கில் அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அண்ணா, எங்கள் அப்பா இராயபுரம் வீட்டில் ஏழு வருடமாக ஓர் ஆஸ்கர் மீன் வளர்த்தார். தொட்டித் தண்ணீரை அவர் மாற்றியதே இல்லை. குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பார். மீனும் நன்றாகவே இருக்கிறது. அப்பா மாசி மாதம் தவறிவிட்டார். வீட்டை விற்கப் போகிறோம். மீனைக் கொடுங்கையூரில் என் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தொட்டியைச் சுத்தமாகக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி வைக்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?
– வாசகர், கொடுங்கையூர்

தம்பி, அப்படி மட்டும் செய்துவிடாதீர்கள். இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன்.

அப்பா வைத்திருந்தது தண்ணீர் இல்லை, ஏழு வருடத்துக் கஷாயம். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. மேலே மேலே ஊற்ற ஊற்ற உப்பு ஏறிக்கொண்டே போகும், நைட்ரேட்டும் ஏறும். அந்த நைட்ரேட் சேரச் சேரத் தண்ணீரில் இருந்த காரத்தன்மை கரைந்து தீர்ந்து, அமிலப் பக்கம் இறங்கும். அமிலமா, காரமா என்று காட்டும் பி.எச். எண்ணில் ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்; உங்கள் தொட்டியில் அது 6-க்குக் கீழே போயிருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. நாள் நாளாக, சொட்டுச் சொட்டாக மாறியதால் மீன் பழகிக்கொண்டது. அதே மீனைப் பி.எச். எட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல தண்ணீரில் தூக்கிப் போட்டால் இரண்டு அடி விழும். உடம்பு அந்த மாற்றத்தைத் தாங்காது என்பது ஒன்று. மற்றது அம்மோனியா. அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் கடிக்காத வடிவத்தில் கிடக்கும். பி.எச். ஒரு படி ஏறினால் நஞ்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறையப் பத்து மடங்காகும். "நல்ல தண்ணீர் மாற்றினேன், மறுநாள் செத்துவிட்டது" என்று சொல்லி வருகிறவர்கள் பொய் சொல்வதில்லை.

வீடு கைமாற எத்தனை வாரம் இருக்கிறது? மூன்று வாரம் கிடைத்தாலும் போதும். இன்றிலிருந்து இரண்டு நாளுக்கு ஒரு முறை, பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அடிக்கல்லைக் கிளறாதீர்கள். முதல் வாரம் மீன் நிறம் கறுத்தாலோ ஒதுங்கினாலோ அளவைப் பாதியாக்குங்கள். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு கொடுங்கையூர் வீட்டுத் தண்ணீரையே கேனில் கொண்டுவந்து ஊற்றுங்கள். வீடு மாறும்போது மீனுக்கு அது பழகிய தண்ணீராகியிருக்கும்.

மாற்றும் நாளில் கல்லைப் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். அடியில் கறுப்பாகச் சேறு இருக்கும், அதைக் கொட்டிவிடலாம். பஞ்சு பற்றி மேலே பெரம்பூர் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். ஆஸ்கர் ஒரு பெரிய வாளியில் தனியாக வரட்டும். துள்ளும், மூடியைக் கட்டிவிடுங்கள்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். புது இடத்தில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையில் படுத்துக்கொள்ளும். செத்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள். செவுள் அசைகிறதா என்று பாருங்கள். ஆஸ்கர் அப்படித்தான், இடம் மாறினால் கோபித்துக்கொள்ளும். நாலைந்து நாள் இரையைத் தொடாது. வளர்த்தவரை அடையாளம் கண்டு கண்ணாடியருகே வரும் மீன் அது. அப்பா எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து இரை போடுவார் என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதே நேரத்தில், அதே பக்கம் போய் நில்லுங்கள். இரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

காசிமேட்டிலிருந்து தண்டையார்பேட்டைக்கு வீடு மாறினோம். தூக்கிய ஆட்கள் கல்லை எடுக்காமலே தொட்டியைத் தூக்கிவிட்டார்கள். இப்போது கீழ் மூலையில் ஈரம் கசிகிறது. உள்பக்கம் சிலிகான் வைத்துப் பூசினால் நிற்குமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

நிற்காது. புது சிலிகான் பழைய சிலிகான்மேல் ஒட்டாது, கண்ணாடியில்தான் ஒட்டும். இன்றிரவே மீனை வாளிகளுக்கு மாற்றுங்கள், பஞ்சு ஃபில்டரையும் அதே வாளியில் ஓடவிடுங்கள். அந்த மூலையின் பழைய ஒட்டைப் பிளேடால் முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, காயவைத்துப் புதிதாகப் போட வேண்டும். கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள ஒட்டே விட்டிருந்தால் தொட்டியைப் பிரித்துத்தான் ஒட்ட வேண்டும். அதை வீட்டில் முயலாமல் தொட்டி செய்கிறவரிடம் கொடுங்கள். குளியலறைக்கு விற்கும் பூஞ்சை பிடிக்காத சிலிகானை வாங்கிவிடாதீர்கள், பூஞ்சையைக் கொல்லும் மருந்து மீனையும் கொல்லும். பூசிய பிறகு வினிகர் போல ஒரு வாடை வரும். அது முழுக்கப் போகும்வரை, குறைந்தது இரண்டு நாள், தண்ணீர் ஊற்றக் கூடாது.

வங்கியில் வேலை. திருநெல்வேலிக்கு மாற்றலாகிவிட்டது. எட்டு கோல்டு ஃபிஷ் இருக்கின்றன. காரில் பன்னிரண்டு மணி நேரம். கொண்டுபோக முடியுமா?
– வாசகர், மாதவரம்

முடியும். கொளத்தூரிலிருந்து மற்ற மாநிலங்களுக்கு ரயிலிலும் விமானத்திலும் மீன் போவது இப்படித்தான். இரண்டு நாள் பட்டினி போட்டு, புறப்படும் காலையில் ஏதாவது கடையில் ஆக்சிஜன் அடைத்து வாங்குங்கள். பைக்குள் பை, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். மூலைகளை ரப்பர் பேண்டு போட்டு உருட்டிவிட்டால்தான் மீன் மூலையில் நசுங்காது. ஒரு பையில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி மூடுங்கள். இருட்டில் மீன் அடங்கிக் கிடக்கும். வழியில் டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் திறந்து பார்க்காதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும் செய்யும் வேலை, பெரம்பூர் அம்மாவுக்குச் சொன்னதற்கு நேர் எதிர். ஒரு மணி நேர வாளிப் பயணம் வேறு, பன்னிரண்டு மணி நேரம் கட்டிய பை வேறு. பைக்குள் மீன் விட்ட மூச்சால் தண்ணீர் அமிலமாகியிருக்கும், அதனால் சேர்ந்திருக்கும் அம்மோனியா கடிக்காமல் கிடக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அம்மோனியா நஞ்சாகும். அதனால் கட்டிய பையையே தொட்டித் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் திறந்து, தாமதிக்காமல் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. அங்கே தொட்டி முன்பே தயாராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தேவை என்று அனுபவம் சொல்கிறது, ஆகவே சொல்லிவிட்டேன்.

வியாசர்பாடியில் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது. மழைக்கு இரண்டு வாரம் மட்டும் தொட்டியை மாடி வீட்டுக்கு மாற்றலாமா?
– வாசகி, வியாசர்பாடி

தொட்டியை மாற்றாதீர்கள், மீனை மட்டும் மாற்றுங்கள். மாடி வீட்டாரிடம் இப்போதே பேசி, ஐம்பது லிட்டர் டப் ஒன்றுக்கு இடம் கேட்டு வையுங்கள். ஐப்பசி பிறந்ததும் உங்கள் ஃபில்டரில் ஒரு பஞ்சைக் கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் அந்தப் பஞ்சு, மீன், பாதித் தண்ணீர் எல்லாம் மேலே போகட்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது எங்கள் பக்கம் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கடையில் இருந்த பெரிய மீன்களில் கணிசமானவை அப்போது போய்விட்டன. பிழைத்தவை எப்படிப் பிழைத்தன தெரியுமா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் முறைவைத்து உட்கார்ந்து, குவளையால் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவுதான் தொழில்நுட்பம். ஒரு சின்ன ஏர் பம்ப் இழுப்பது மூன்று முதல் ஐந்து வாட். மாடி வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அவர்களுக்கு அது ஒரு சுமையே இல்லை என்று சொல்லிக் கேளுங்கள். மின்சாரம் இல்லாத நாள்களில் இரை போடாதீர்கள். மூடிய டப்பா போன்ற ஃபில்டர் வைத்திருந்தால், ஓட்டம் நின்றதும் திறந்து பஞ்சை வெளியே எடுத்து டப்பிலேயே போட்டுவிடுங்கள். பல மணி நேரம் நின்றுபோன டப்பாவை அப்படியே மறுபடி ஓட்டினால், உள்ளே அழுகியது எல்லாம் மீன்மேல்தான் வந்து கொட்டும்.

அங்கிள், என் ஃபைட்டர் மீனை வண்ணாரப்பேட்டையில் இருக்கும் பாட்டி வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். பாட்டிலில் போகலாமா?
– ஏழாம் வகுப்பு மாணவி, விம்கோ நகர்

போகலாம், கண்ணு. வாய் அகலமான பாட்டிலாகப் பார். பாதிக்குமேல் தண்ணீர் ஊற்றாதே. ஃபைட்டர் மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு விடும் மீன். கழுத்து வரை நிரப்பினால் அதற்கு மூச்சு விட இடம் இருக்காது. வெயில் படாமல் பைக்குள் வைத்துக்கொள். பாட்டி வீட்டுக் கண்ணாடி பீரோ முன்னால் மட்டும் வைத்துவிடாதே. நாள் முழுக்கத் தன்னோடு தானே சண்டை போட்டுக் களைத்துவிடும்.

புது வீட்டில் சின்னத் தொட்டிதான் வைக்க முடியும். எங்கள் சக்கர் மீன் ஓரடிக்குமேல் வளர்ந்துவிட்டது. கொல்ல மனமில்லை. போகும் வழியில் புழல் ஏரியில் விட்டுவிடலாமா?
– வாசகர், செங்குன்றம்

விடவே கூடாது. தொட்டியைத் துடைக்கும் என்று இரண்டு அங்குலத்தில் நாங்கள்தான் விற்றோம், அந்தப் பாவம் எங்களுடையது. அது தென்னமெரிக்க மீன். உடம்பு முழுக்கக் கவசம் போன்ற தட்டு, அதனால் நம் ஏரியில் அதைத் தின்ன வருகிறவை குறைவு. கரையில் வளை தோண்டி முட்டையிடும். தண்ணீர் எவ்வளவு கெட்டாலும் காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். ஏரிகளில் வலை வீசுகிறவர்களைக் கேளுங்கள். விற்கவும் முடியாத, தின்னவும் முடியாத இந்த மீன் வலையைக் கிழித்துக்கொண்டு வருவதைச் சொல்வார்கள். கோயில் குளமும் கூடாது, கால்வாயும் கூடாது.

கொளத்தூரில் எந்த மீன் கடைக்கு வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள். பெரிய தொட்டி இருக்கிறவர் யாராவது எடுத்துக்கொள்வார், காசு மட்டும் கேட்காதீர்கள். வாளியில் கொண்டு வாருங்கள், பையில் வேண்டாம். துடுப்பு முள் இரண்டு பையையும் சேர்த்துக் கிழித்துவிடும்.